ஒட்டகக்காரர்கள் வளர்த்த மரீ

தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலை விளிம்பில், அடிலெய்டுக்கு வடக்கே 600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது மரீ. நூறு பேர்கூட வசிக்காத ஊர். 1883-இல் கட்டிய மாடி வைத்த கல் ஹோட்டல், ஓட்டம் நின்றுபோன ரயில் என்ஜின்கள், நடுவே சில பேரீச்சை மரங்கள். அந்தப் பேரீச்சையை நட்டவர்களுக்கு இந்த ஊர் பெரிய கடன் பட்டிருக்கிறது.

பழங்குடியினரின் மண் இது. 1859-இல் இங்குள்ள நீரூற்றுகளைக் கண்ட ஜோசப் ஹெர்காட்டின் பெயரால் ‘ஹெர்காட் ஸ்பிரிங்ஸ்’ என்று வெள்ளையர்கள் அழைத்தார்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியப் பெயர்கள் நீக்கப்பட, ‘மரீ’ நிலைத்தது.

1884-இல் ரயில் வந்தது. ஆனால் தண்டவாளத்தைத் தாண்டினால், பேர்ட்ஸ்வில் என்ற ஊர் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் மணலும் கல்லும்தான். அங்கே ஒட்டகம்தான் லாரி. வளர்ந்த ஆண் ஒட்டகம் ஒன்று அரை டன் சுமக்கும். போகும்போது மாவும் தேயிலையும் சர்க்கரையும், திரும்பும்போது முதுகின் இரு புறமும் கம்பளிப் பொதிகள். ஒட்டக வரிசை வரத் தாமதித்தால், தொலைதூரப் பண்ணைகளில் அடுப்பெரிவதே சிரமம்.

இந்த ஒட்டகக்காரர்களை மொத்தமாக ‘ஆப்கானியர்’ என்றார்கள். உண்மையில் பலர் பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் என அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவர்கள். மரீயில் மண் சுவரும் கூரையுமாக எளிய மசூதி ஒன்றைக் கட்டி, அதன் முன்னே தொழுகைக்கு முன் கை கால் கழுவ ஒரு சிறு குளமும் வெட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் ஆரம்பகால மசூதிகளில் அதுவும் ஒன்று.

ஊரோ அவர்களைத் தள்ளியே வைத்தது. தண்டவாளத்துக்கு ஒருபுறம் ஐரோப்பியர், மறுபுறம் ஒட்டகக்காரர்களும் பழங்குடியினரும். இடுகாட்டில்கூட இவர்களுக்குத் தனித்தனிப் பகுதிகள். செத்த பிறகும் சேரவிடாத அந்தப் பிரிவினையை மன்னிக்க முடியவில்லை. 1903-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் ஆசியர்களுக்குக் கதவை அடைத்தது.

1920-களில் மோட்டார் வண்டிகள் வந்து அவர்கள் பிழைப்பைப் பறித்தன. உரிமம் இல்லாத ஒட்டகங்களைக் கொல்ல 1925-இல் சட்டமே வந்தது. பிள்ளைபோல் வளர்த்ததைச் சுட மனமில்லாமல் பலர் பாலையில் அவிழ்த்துவிட்டார்கள். இன்று ஆஸ்திரேலியாவில் காட்டு ஒட்டகங்கள் லட்சக்கணக்கில் திரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1980-இல் ரயில் பாதை மேற்கே மாற்றப்பட, மரீ ஒடுங்கிப்போனது. அந்த ஒட்டகக்காரர்களை நினைவூட்டும் ‘கான்’ என்ற பெயரில் அடிலெய்டு–டார்வின் சொகுசு ரயில் இன்றும் ஓடுகிறது. மரீ அதன் பாதையில் இல்லை.