கண்டி ஏற்றத்துக்கு எந்தச் சைக்கிள்? எங்கே வாங்கலாம்?

கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. வடக்கு முனையில் பாடசாலை விடும் நேரத்தில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளின் சைக்கிள்களால் வீதி நிறைந்துவிடும். தெற்கு முனையில், கண்டி நகரத்துக்குள், ஒரு பெண் சைக்கிள் உழக்கிக்கொண்டு போவதைக் காண்பதே அபூர்வம். இந்த வித்தியாசத்துக்குப் பழக்கமும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் தரை. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிடக்கிறது.

சைக்கிளைப் பற்றி எங்கள் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, குடாநாட்டில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், விறகு கட்டி வந்ததும், தேங்காய் மூட்டை சுமந்ததும் சைக்கிள்தான். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் குடும்பத்தின் உடைமை முழுவதும் கரியரிலும் ஹான்டிலிலும் தொங்கியது. 2009 இல் முள்ளிவாய்க்காலிலும் வட்டுவாகலிலும் கைவிடப்பட்டுக் கிடந்த சைக்கிள்களைப் பார்த்தவர்களுக்கு அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீள்குடியேறியபோது இந்திய அரசு வடக்குக்குக் கொடுத்த உதவிகளில் 10,000 சைக்கிள்களும் இருந்தன. ஒரு சைக்கிள் கிடைத்தால் ஒரு தொழில் தொடங்கலாம் என்பது அன்றைய நிலைமை.

ஆனால் இந்த அறிவு முழுவதும் சமதரையில் கிடைத்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்து வரும் பிள்ளைகளும், கண்டியில் வேலை கிடைத்து வரும் இளைஞர்களும் அந்த அறிவோடுதான் சைக்கிள் வாங்கப் போகிறார்கள். 2022 இற்குப் பிறகு அப்படி வாங்குபவர்கள் கூடியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் ஒன்று 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவுக்குப் போனது. அதே காலத்தில் ரூபா விழுந்ததால் சைக்கிள் விலையும் ஏறியது. பிறகு பெற்றோல் இறங்கினாலும் சைக்கிள் விலை பழைய இடத்துக்கு வரவில்லை. ஆகவே ஒரு குடும்பம் சேமிப்பை உடைத்தோ, கடன்பட்டோ வாங்கும் சைக்கிள், ஒரே தடவையில் சரியாக அமைய வேண்டும். மாற்றி வாங்க இரண்டாவது முறை காசு இருக்காது.

நான் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்து சைக்கிளில் திரிபவன். என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும், கடைகளில் ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பாரமா, பல்லா?

கடைக்காரர் முதலில் சொல்வது பாரத்தைத்தான். "இது பத்துக் கிலோதான், ஒரு விரலால் தூக்கலாம்" என்பார். பாரம் குறைவது நல்லதுதான். ஆனால் கணக்குப் பாருங்கள். 60 கிலோ ஆள் 15 கிலோ சைக்கிளில் ஏறினால் மொத்தம் 75 கிலோ. 3 கிலோ குறைந்த சைக்கிள் வாங்கினால் மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 4 தான் குறைகிறது. ஏற்றத்தில் உங்களைக் காப்பாற்றுவது பல்லுக் கணக்கு.

பெடலோடு இருக்கும் முன்பல்லை, பின்சில்லில் இருக்கும் பல்லால் பிரித்துப் பாருங்கள். முன்னால் 44, பின்னால் 18 உள்ள கியர் இல்லாத சைக்கிளில் ஒரு தடவை பெடலைச் சுற்றினால் சில்லு ஏறத்தாழ 2.4 தடவை சுற்றும். அதாவது ஐந்து மீற்றருக்கு மேல் முன்னே போகும். நிமிடத்துக்கு 60 சுற்று உழக்கினால் மணிக்கு 19 கிலோமீற்றர் வேகம். பரந்தன் வீதிக்கு இது அருமை. அம்பிட்டியவுக்கோ, அனிவத்தைக்கோ, ஹந்தானைக்கோ ஏறும்போது அந்த வேகத்தில் ஏற யாராலும் முடியாது. எழும்பி நின்று உழக்கி, கடைசியில் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

றேசிங் சைக்கிள் என்று நாங்கள் சொல்லும், வளைந்த ஹான்டில் உள்ள ரோட் பைக்குகளிலும் இதே பிரச்சினை இருக்கிறது. பழைய போட்டிச் சைக்கிள்களில் முன்னால் 53, 39 என்றும், பின்னால் 11 முதல் 25 வரை என்றும் பல்லு இருக்கும். ஆக இலகுவான கியரில் (39க்கு 25) ஒரு சுற்றுக்கு 3.3 மீற்றர் போகும். 60 சுற்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர். நல்ல பயிற்சி உள்ளவருக்குத்தான் அது சரி. முன்னால் 50, 34 என்றும் பின்னால் 28 வரைக்கும் உள்ளதில் அதே உழக்கலுக்கு மணிக்கு 9 கிலோமீற்றர். பின்னால் 34 பல்லு இருந்தால் ஏழரை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு விரிவுரைக்கு வியர்வையில் குளிக்காமல் போய்ச்சேர வேண்டியவருக்கு இந்தக் கடைசிக் கணக்குத்தான் பொருந்தும்.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "முன்னால் ஆகச் சின்னப் பல்லு எத்தனை, பின்னால் ஆகப் பெரிய பல்லு எத்தனை?" என்பது. "21 கியர்", "24 கியர்" என்று எண்ணிக்கை சொன்னால் அது பதில் அல்ல. விற்பவருக்குத் தெரியாவிட்டால் குந்தியிருந்து நீங்களே எண்ணுங்கள். இரண்டும் ஒரே எண்ணுக்குக் கிட்ட வந்தால் அந்தச் சைக்கிள் கண்டிக்கு ஏறும்.

ஏறியது இறங்கவும் வேண்டும்

ஏற்றம் களைப்பைத்தான் தரும். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. கடுகண்ணாவையைத் தாண்டி மாவனெல்லைப் பக்கம் இறங்கும் வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டியில் ஒக்ரோபர், நவம்பரில் பின்னேர மழை அடித்துப் பெய்யும். பழைய உள்ளூர்ச் சைக்கிள்களில் உள்ள மினுங்கும் இரும்பு றிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், பிடித்தும் நிற்காது. அலுமினிய றிம் எவ்வளவோ மேல். கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக் மழைக்கு இன்னும் நல்லது, சாதாரண சாவிகளாலேயே சரிசெய்துகொள்ளலாம். எண்ணெய் டிஸ்க் பிரேக் பிடிப்பதில் திறம்தான், ஆனால் அதைத் திருத்தத் தெரிந்தவர் கிட்டடியில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரயரில் 23 மில்லிமீற்றர் அகலமுள்ள மெல்லிய ரயரைத் தவிருங்கள். கான் மூடியின் இடைவெளியிலும் உடைந்த தார் விளிம்பிலும் அது மாட்டும். 28 அல்லது 32 போடக்கூடிய போக்கும் சட்டமும் உள்ளதா என்று பாருங்கள். மட்கார்டும் கரியரும் பூட்ட ஓட்டைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். போட்டிச் சைக்கிள்களில் பெரும்பாலும் இருக்காது. அரிசிப் பையைக் கொண்டுவர முடியாத சைக்கிள் எங்களுக்கு எதற்கு?

அளவும் உடம்பும்

எங்களூரில் சைக்கிள் என்றால் ஒரே அளவுதான். ஆள்தான் சீற்றை ஏற்றி இறக்கிப் பொருந்திக்கொள்வார். ரோட் பைக் அப்படியல்ல. வெறுங்காலோடு சுவரோரம் நின்று, கவட்டிலிருந்து தரைவரை சென்ரிமீற்றரில் அளந்து, 0.67 ஆல் பெருக்குங்கள். 80 வந்தால் சட்டத்தின் அளவு 53, 54 அளவில் இருக்கவேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று 58 வாங்கினால் ஒரு மாதத்தில் கழுத்தும் இடுப்பும் பதில் சொல்லும்.

செல் துண்டு உடம்பில் உள்ளவர்கள், முழங்கால் முழுதாக மடியாதவர்கள், செயற்கைக் கால் பூட்டியவர்கள் எங்களுக்குள் நிறையப்பேர். அவர்களில் பலர் இன்றும் சைக்கிள் ஓடுகிறார்கள். அவர்களுக்கு வளைந்த ஹான்டிலைவிட நேர் ஹான்டில் உள்ள சைக்கிள் வசதி. முதுகு அவ்வளவு குனியத் தேவையில்லை. பெடல் பூட்டும் கிராங்க் வழமையாக 170 மில்லிமீற்றர் நீளம். 160 அல்லது 165 கிடைத்தால் முழங்கால் மடியும் அளவு குறையும். காலைப் பெடலோடு பூட்டும் சப்பாத்து வேண்டாம், அகலமான தட்டைப் பெடலே போதும். பாரைத் தாண்டிக் காலைப் போட முடியாதவர்கள் பதிந்த சட்டமுள்ள சைக்கிளைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எங்கே வாங்குவது?

கண்டியில் இருப்பவருக்கு நான்கு வழிகள். முதலாவது, லுமாலா போன்ற உள்ளூர்த் தயாரிப்புகளை விற்கும் கடைகள். ரோட் பைக் தெரிவு குறைவு. ஆனால் கியர் உள்ள நேர் ஹான்டில் சைக்கிள் கிடைக்கும், உதிரிப்பாகம் நாடு முழுவதும் கிடைக்கும். கிளிநொச்சிக்குத் திரும்பக் கொண்டுபோனாலும் அங்கும் திருத்தலாம். காசு மட்டுமட்டாக உள்ளவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

இரண்டாவது, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்கள். நல்ல சட்டம் மலிவாக அகப்படுவது இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் 27 அங்குலச் சில்லுள்ள ஒன்றை வாங்கினார். ரயர் தேய்ந்ததும் ரோட் பைக்குகளுக்கான 700சீ ரயரை வாங்கி வந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் ரயர் அமரும் விட்டம் ஒன்றுக்கு 630 மில்லிமீற்றர், மற்றதற்கு 622. அந்த 8 மில்லிமீற்றரால் ரயர் ஏறவேயில்லை. ரயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்ணைப் படம் எடுத்து, அந்த ரயர் கண்டியில் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே காசைக் கொடுங்கள். மெல்லிய வால்வு உள்ள ரியூப் என்றால் பெற்றோல் செற்றில் காற்றடிக்க ஒரு சின்ன மாற்றி தேவை. அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, கொழும்பில் உள்ள ரோட் பைக் கடைகள். அளவு பார்த்துத் தருவார்கள், புதிய பெயர்பெற்ற வகைகள் உண்டு. ஆனால் இலவச சேர்விஸ் என்பது கண்டியிலிருந்து போய்வரும் செலவோடு சேர்த்துத்தான் இலவசம். அங்கே வாங்கினால் 8 அல்லது 9 பல்லுத் தட்டுள்ள சிமானோ கிளாரிஸ், சோரா வகைகளோடு நில்லுங்கள். 11 தட்டுள்ளதன் செயினும் பல்லும் விலை கூட, தேடவும் வேண்டும்.

நான்காவது, இக்மன் போன்ற விளம்பரங்கள் வழியாகத் தனியாரிடம் வாங்குவது. முற்பணம் அனுப்பாதீர்கள், பகலில் நேரில் போய்ப் பாருங்கள். செயினில் 12 முழுக் கண்ணிகள் புதிதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அடிமட்டம் வைத்துப் பார்க்கையில் அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயினோடு பல்லும் தேய்ந்துவிட்டது; அந்தச் செலவை விலையில் கழியுங்கள். கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டிப்பாருங்கள். காபன் சட்டத்தில் மயிரளவு வெடிப்புத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். சமதரையில் ஓடிப்பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பக்கத்து ஏற்றத்தில் ஏறி, பாரத்தோடு கியர் மாறுகிறதா என்று பாருங்கள்.

பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்

பெடல் அச்சுக்குக் கீழே சட்டத்தில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். அந்த இலக்கம், வகை, திகதி, உத்தரவாதக் காலம் எல்லாம் பில்லில் எழுதப்படவேண்டும். பில் சிங்களத்தில் மட்டும் இருந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு காசைக் கொடுங்கள். கேட்டால் பில் கொடுக்கவேண்டியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி விற்பவரின் கடமை. பழுதான பொருள் என்றால் மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழிலேயே எழுதி முறையிடுங்கள். தனியாரிடம் வாங்கும்போது விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். களவுபோன சைக்கிளை வாங்கிவிட்டுப் பொலிஸில் நின்று விளக்கம் சொல்லும் நிலைமை, மற்ற எவரையும்விட எங்கள் பிள்ளைகளுக்குக் கடினமானது.

கடைசியாக, ஊரிலுள்ள சைக்கிளையே கண்டிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு: தங்குமிடமும் படிப்பிடமும் மகாவலிக் கரையோரம், பேராதனை வளாகத்தின் சமதரையில் என்றால் தாராளமாகக் கொண்டுவாருங்கள், பிரேக் கட்டையை மட்டும் புதிதாகப் போடுங்கள். அறை மலைப்பக்கம் என்றால் அதைத் தம்பிக்கோ தங்கச்சிக்கோ விட்டுவிட்டு வாருங்கள். அங்கே அது இன்னும் பத்து வருடம் ஓடும்.