கொத்துக் கலப்பை ஸ்பிரிங்: கனமானதாகப் பார்த்து வாங்கினால் போதுமா?

டிராக்டர் கொத்துக் கலப்பையில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், கடையில் போய் "இதைவிடக் கொஞ்சம் கனமானதாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி மாட்டுவது பலருக்கும் வழக்கம். மாட்டிய பிறகு முதல் நாள் உழவு நன்றாகத்தான் இருக்கும். பாறைக்கல்லில் மோதும்போதுதான் வினை. கொத்துத் தண்டு வளையும், இல்லையென்றால் சட்டத்தில் வெல்டிங் விட்டுப்போகும்.

ஸ்பிரிங் கலப்பையில் ஒவ்வொரு கொத்துக்கும் பொதுவாக இரண்டு ஸ்பிரிங் இருக்கும். இவை இழுவை ஸ்பிரிங் வகை. சும்மா இருக்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும், இழுத்தால் விரியும். கொழு கல்லிலோ வேரிலோ மாட்டினால் ஸ்பிரிங் விரிந்து கொத்தைப் பின்னால் விடும். கல்லைத் தாண்டியதும் பழைய இடத்துக்கு இழுத்து வந்துவிடும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலைதான் இது. ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியைச் சுற்றினால் என்ன ஆகுமோ, அதுதான் தேவைக்கு மேல் கனமான ஸ்பிரிங்கிலும் ஆகும். அதற்காக மெலிந்த ஸ்பிரிங்கும் உதவாது. காய்ந்த மண்ணில் கல்லே இல்லாமல் கொத்து பின்வாங்கிக்கொண்டே இருக்கும். டீசல் எரியும், ஆழம் கிடைக்காது.

ஒரு மில்லிமீட்டரில் எவ்வளவு மாறும்?

கம்பியின் கனம் 10 மி.மீ.யிலிருந்து 11 மி.மீ. ஆனால், விறைப்பு பத்தில் ஒரு பங்குதான் கூடும் என்று நினைப்போம். ஆனால் சுருளின் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் அப்படியே இருந்தால், விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடிவிடும். கம்பி கனத்தில் சின்ன வித்தியாசம்கூட நான்கு முறை பெருக்கி வருவதால்தான் இப்படி. சுருளின் அகலம் இதற்கு நேர் எதிர். அது பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு நாலில் ஒரு பங்கு குறையும்.

சுற்றுகளின் எண்ணிக்கையும் முக்கியம். கொக்கி உடைந்த ஸ்பிரிங்கில் நாலு சுற்றை வெட்டி எடுத்துவிட்டு, அடுத்த சுற்றைச் சூடுபடுத்திக் கொக்கியாக வளைத்துத் தரும் பட்டறைகள் உண்டு. 20 சுற்று 16 ஆனால் ஸ்பிரிங் 25 சதவீதம் விறைத்துவிடும். நீளம் குறைந்ததை ஈடுகட்ட இன்னும் அதிகமாக இழுத்துத்தான் மாட்டவேண்டியிருக்கும். சூடுபட்ட இடத்தில் எஃகின் பதமும் போய்விடும். உடைந்த கொக்கியை வெல்டிங் வைப்பதும் இப்படித்தான். பற்று நிற்பதுபோல் தெரியும், அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். ஸ்பிரிங் விஷயத்தில் வெல்டிங் மெஷினை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

பழையது தேறுமா, பாருங்கள்

கலப்பையில் மாட்டியிருக்கும்போது பார்த்துப் பயனில்லை. இழுத்து மாட்டியிருப்பதால் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி தெரிவது இயல்புதான். கழற்றிக் கீழே வைத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றுகள் ஒட்டாமல் இடைவெளி இருந்தால் அது நீண்டுபோன ஸ்பிரிங்.

அளந்தும் உறுதி செய்யலாம். சுற்றுகளை எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டி, கம்பியின் கனத்தால் பெருக்குங்கள். 10 மி.மீ. கம்பியில் 20 சுற்று என்றால் 210 மி.மீ. கொக்கிகளைச் சேர்க்காமல் சுருளை மட்டும் அளந்தால் கிட்டத்தட்ட இந்த நீளம்தான் வரவேண்டும். 225 வந்தால் ஸ்பிரிங் தன் பிடிப்பை இழந்துவிட்டது. அதை நட்டு வைத்து எவ்வளவு இறுக்கினாலும் பழைய பலம் திரும்பாது.

அடுத்து, கொக்கி வளையத் தொடங்கும் இடத்தைத் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். இழுவை ஸ்பிரிங் பெரும்பாலும் அங்கேதான் முறியும். மயிரிழை வெடிப்போ, துருக் குழியோ, ஸ்பேனர் கீறலோ இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. விதைப்புக் கருவியோடு உரப்பெட்டியும் பொருத்திய கலப்பை என்றால் இன்னும் கவனம் வேண்டும். உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்து கொக்கியை அரித்துவிடும்.

கழற்றும்போது கலப்பையைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்திவிடுங்கள். இறுக்கும் நட்டு உள்ள மாடலில் அதை முழுவதும் தளர்த்திய பிறகே கொக்கியை எடுக்கவேண்டும். கடப்பாரை கொண்டு நெம்பாதீர்கள். ஸ்பிரிங் இழுத்து நிற்கும் திசைக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

டிராக்டரின் குதிரைத்திறனை மட்டும் சொல்லி ஸ்பிரிங் கேட்காதீர்கள். கலப்பையின் தயாரிப்பும் மாடலும் தெரிந்தால் அதற்குரியதையே வாங்குவதுதான் சுலபம். தெரியாவிட்டால் ஐந்து விவரங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்: கம்பியின் கனம், சுருளின் வெளிவிட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, ஒரு கொக்கியின் உட்பக்கத்திலிருந்து மறு கொக்கியின் உட்பக்கம் வரை உள்ள நீளம், இரண்டு கொக்கிகளும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்பது. கம்பியின் கனத்தை டேப்பால் அளக்கவேண்டாம், பட்டறையில் வெர்னியர் இருக்கும். துருவையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு, உள்ளதிலேயே நல்ல ஸ்பிரிங்கில் அளவெடுங்கள்.

மாற்றும்போது ஒரு கொத்தின் இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கொத்து ஒரு பக்கம் சாய்ந்து இழுக்கும், கீல் போல்ட் சீக்கிரம் தேயும்.

ஒன்று சொல்லவேண்டும். கல்லும் வேரும் இல்லாத வண்டல் மண்ணிலேயே உழுபவருக்கு ஸ்பிரிங் கலப்பை கட்டாயமில்லை. ஸ்பிரிங் இல்லாத கெட்டிக் கொத்துக் கலப்பையே போதும். செலவும் குறைவு, பராமரிப்பும் குறைவு. சரளை நிலத்துக்கும், மரம் வெட்டித் திருத்திய நிலத்துக்கும்தான் ஸ்பிரிங் கொத்து தேவை.

தொங்கவிடுவதற்கு வேறு ஸ்பிரிங்

கலப்பையில் கழற்றிய ஸ்பிரிங்கைக் கொண்டு ஊஞ்சலோ, எடையுள்ள கதவோ, தெளிப்பான் கையோ தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இழுவை ஸ்பிரிங்கின் கொக்கி முறிந்தால் அந்த நொடியே எடை கீழே விழும். இதற்கென்று இருப்பது டிராபார் ஸ்பிரிங். பெயரைப் பார்த்து டிராக்டரின் டிராபாரில் மட்டும் மாட்டுவது என்று எண்ணவேண்டாம். இது அமுங்கும் ஸ்பிரிங்தான். அதன் நடுவே இரண்டு நீண்ட யு வடிவக் கம்பிகள் எதிரெதிராகப் போகும். கம்பிகளை இழுத்தால் சுருள் விரியாமல் அமுங்கும். முழுவதும் அமுங்கியதும் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேல் நீளாமல் நிற்கும். சுருள் உடைந்தாலும் பொதுவாக கம்பிகள் எடையைப் பிடித்துக்கொள்ளும். ஆள் உட்காரும், ஆள் கீழே நடமாடும் இடங்களில் இதைத்தான் போடவேண்டும். வாங்கும்போது தொங்கும் எடை எத்தனை கிலோ, எத்தனை மில்லிமீட்டர் இறங்கலாம் என்ற இரண்டையும் சொல்லுங்கள். அன்றாட எடையிலேயே முழுவதும் அமுங்கி நிற்கக்கூடாது, அசைவுக்கு இடம் மிச்சம் இருக்கவேண்டும்.

பாதுகாப்பானது என்பதற்காக டிராபார் ஸ்பிரிங்கைக் கொத்தில் மாட்டிவிடவும் கூடாது. கொத்து கல்லைத் தாண்டும் முன்பே சுருள் முழுவதும் அமுங்கிவிட்டால், அந்த இடத்தில் கொத்து கெட்டியாக நின்றுவிடும். அப்புறம் வளையப்போவது தண்டுதான்.