மறதி வீட்டு மனிதர்கள் – 9: பார்த்துக்கொள்பவரின் பிரஷர்

டிமென்ஷியா வந்தவர் இருக்கும் வீட்டில் மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள். கணவருக்கான மாத்திரைகள் கிழமைவாரியாகப் பிரித்து, காலை, இரவு என்று ஒன்றுகூடத் தவறாமல் அடுக்கப்பட்டிருக்கும். மனைவியின் பிரஷர் மாத்திரை அட்டை ஒரு மூலையில் கிடக்கும். போன மாதமே தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதி அப்படியே இருக்கும். கேட்டால், "அவரைச் சாப்பிட வைக்கவே பதினொரு மணி ஆயிடுது. என் மாத்திரை எங்க ஞாபகம் வருது?" என்பார்.

நோயாளியின் இரவு அலைச்சலைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். சொந்த வீட்டில் இருந்துகொண்டே "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று நள்ளிரவில் தாழ்ப்பாளைத் திறப்பவரோடு போராடும் அந்த மனைவியின் உடம்புக்கு என்ன ஆகிறது? தூக்கத்தில் ரத்த அழுத்தம் இயல்பாகவே இறங்கும். இதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். அரைமணிக்கு ஒருதரம் திடுக்கிட்டு எழுபவருக்கு அது வாய்ப்பதில்லை. அட்ரினலினும் கார்டிசாலும் சுரந்துகொண்டே இருக்கின்றன. சான் டியாகோவில் அல்சைமர் நோயாளிகளின் துணைவர்களை ஆராய்ந்தவர்கள், ரத்தம் உறையும் போக்கைக் காட்டும் டி-டைமர் அளவு அவர்களுக்குக் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள்.

இன்னொரு ஆய்வு என்னை உலுக்கியது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு, டிமென்ஷியா வந்த கணவரையோ மனைவியையோ பார்த்துக்கொள்பவர்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இதய நோயோடு தொடர்புள்ள இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் பொருள், மற்றவர்களைவிட அவர்களுக்குச் சுமார் நான்கு மடங்கு வேகத்தில் ஏறியது. நோயாளி இறந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த வேகம் குறையவில்லை. 2003-ல் வெளியான முடிவு இது. "அவர் போனதோடு கஷ்டம் தீர்ந்தது" என்று ஊர் பேசும். உடம்பு அப்படிக் கணக்கை முடித்துக்கொள்வதில்லை.

அப்படியானால் கவனித்துக்கொள்வதே ஆபத்தா? இல்லை. 1999-ல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் ஷுல்ஸும் பீச்சும் முதிய தம்பதியரிடம் பார்த்தது இது: துணையைக் கவனிப்பதில் உளைச்சல்படுவதாகச் சொன்னவர்களுக்கு, நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம் 63 சதவீதம் அதிகம். உளைச்சல் இல்லாமல் கவனித்தவர்களுக்கு அபாயம் கூடவில்லை. இவர்கள் எல்லாரும் டிமென்ஷியா குடும்பத்தினர் அல்லர். ஆனால் பாடம் அவர்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆளை வதைப்பது தனியாகச் சுமப்பதுதான்.

நியூயார்க்கில் ஆய்வாளர் மேரி மிட்டல்மன் அந்தத் தனிமையையே குறிவைத்தார். நோயுற்ற துணையைப் பார்த்துக்கொள்பவர்கள் 406 பேர். பாதிப் பேருக்குத் தனியாக இரண்டு ஆலோசனைகள், குடும்பத்தோடு உட்கார்ந்து நான்கு. அதன்பின் ஆதரவுக் குழு, எப்போது வேண்டுமானாலும் தொலைபேசி. இந்த உதவி கிடைத்த வீடுகளில் நோயாளியை முதியோர் மருத்துவ இல்லத்தில் சேர்க்க வேண்டிய நாள் சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. குடும்பத்துக்கென்றே நான்கு சந்திப்புகள் வைத்ததைக் கவனியுங்கள். யார் எந்தக் கிழமை வருவது, யார் பணம் தருவது என்று பேசிவைக்காத பாசம் இங்கே உதவாது.

இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோரை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறோம், அதுவும் பெரும்பாலும் ஒரு பெண்.

பார்த்துக்கொள்பவருக்குப் படியேறும்போது நெஞ்சை அடைத்தால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், "கேஸ்தான்" என்று சோடா குடித்துச் சமாளிக்க விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வெளியூரில் இருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். போனில் "உடம்பைப் பார்த்துக்கோம்மா" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வரும் ஞாயிறு நீங்கள் அப்பாவோடு இருங்கள். அம்மா போய் பிரஷர் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, மதியம் இரண்டு மணி நேரம் தூங்கட்டும்.

(தொடரும்)