லயன் எதிர் பாஷ் அண்ட் லோம்ப் வழக்கு

லயன் எதிர் பாஷ் அண்ட் லோம்ப் என்பது, ஒரு பூச்சு முறை அத்துறை வல்லுநருக்கு வெளிப்படையானதா என்பதை ஆராய்ந்த அமெரிக்கக் காப்புரிமை வழக்கு ஆகும். இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1955 ஆம் ஆண்டில் இதற்குத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி லர்னெட் ஹேண்ட்.

ஒளியியல் வில்லைகளில் எதிரொளிப்பைக் குறைக்க, வெற்றிடத்தில் உலோகப் புளோரைடை ஆவியாக்கி மெல்லிய படலமாகப் படியச் செய்யும் முறை முன்பே அறியப்பட்டிருந்தது. ஆனால் அப்படலம் எளிதில் சேதமடைந்தது. வெற்றிடத்திலேயே கண்ணாடியைச் சூடாக்கிப் பூசினால் படலம் உறுதியாக ஒட்டிக்கொள்ளும் என்று லயன் கண்டறிந்தார்.

பின்னோக்கிப் பார்க்கும்போது இது எளிய மாற்றமாகவே தோன்றும். எனினும், தேர்ந்த பலர் முயன்றும் எட்டாத இத்தீர்வு, கண்டறியப்பட்டதும் விரைவாக ஏற்கப்பட்டது. இச்சான்றுகளைக் கொண்டு காப்புரிமை செல்லும் என நீதிமன்றம் முடிவு செய்தது. 1952 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 103 ஆம் பிரிவு, இடைக்காலத்தில் கடுமையாகியிருந்த அளவுகோலைப் பழைய நிலைக்கு மீட்டதாக ஹேண்ட் கருதினார்.

1966 ஆம் ஆண்டில் கிரகாம் எதிர் ஜான் டீயர் வழக்கில், அப்பிரிவு பொது அளவுகோலை மாற்றவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும், நெடுநாள் தீராத தேவை, பிறரின் தோல்வி, வணிக வெற்றி ஆகியவை துணைச் சான்றுகளாகப் பயன்படலாம் என அது ஏற்றுக்கொண்டது.