இமயமலை நடைப்பயணம்: எடையைக் காலணியில் குறைக்கலாம், படுக்கையில் குறைக்கலாமா?

டேராடூன்: இமயமலையில் பல நாள் நடைப்பயணம் மேற்கொள்வோரின் முதல் கவலை முதுகுச் சுமையின் எடை. உடைகளையும் பாத்திரங்களையும் குறைத்த பின்னரும் பை கனமாக இருந்தால், அடுத்ததாகப் பலர் கைவைப்பது படுக்கையில்தான். தடித்த உறக்கப் பைக்குப் பதிலாக மெல்லியதை எடுத்துக்கொள்கின்றனர். விரிப்பை வீட்டிலேயே விட்டுச் செல்கின்றனர். காலில் மட்டும் கனமான பூட்ஸ் அணிகின்றனர். பனியில்லாத பருவத்தில் இந்தத் தேர்வு பெரும்பாலும் தலைகீழானது.

மலையில் வானிலை எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் உண்டு. 2024 ஜூன் மாதம், உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் பனிப்புயலில் சிக்கிய 22 பேர் கொண்ட குழுவில் 9 பேர் உயிரிழந்தனர். சமவெளியில் வெயில் கொளுத்தும் மாதத்திலும், 4,000 மீட்டருக்கு மேல் உடல் வெப்பக் குறைவு உயிருக்கு ஆபத்தாகலாம்.

உறக்கப் பையில் உள்ள எண் சொல்வது என்ன?

'ஸ்லீப்பிங் பேக்' எனப்படும் உறக்கப் பைகளின் வெப்பத் திறனை அளவிட ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரநிலை உள்ளது. இதன்படி சோதிக்கப்பட்ட பைகளில் மூன்று வெப்பநிலைகள் குறிப்பிடப்படுகின்றன. 'கம்ஃபர்ட்' என்பது ஒரு சராசரிப் பெண் இயல்பாகப் படுத்து உறங்கக்கூடிய வெப்பநிலை. 'லிமிட்' என்பது ஒரு சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு உறங்கக்கூடிய எல்லை. 'எக்ஸ்ட்ரீம்' என்பது உறக்கத்திற்கான அளவே அன்று. ஆறு மணி நேரம் உயிர் தாங்குவதற்கான எல்லை மட்டுமே.

ஒரு பையில் 'மைனஸ் 10' என்று பெரிதாக அச்சிடப்பட்டிருந்தால், அது இம்மூன்றில் எது என்பதைக் கேட்டறிய வேண்டும். அது எக்ஸ்ட்ரீம் அளவாக இருப்பின், அதே பையின் கம்ஃபர்ட் அளவு 0 டிகிரிக்கு மேலேயே இருக்கக்கூடும். குளிர் காலநிலைக்குப் பழகாதவர்கள் கம்ஃபர்ட் அளவை மட்டுமே கணக்கில் கொள்வது பாதுகாப்பானது.

முகாமின் குளிரைக் கணிப்பது எப்படி?

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. சுமார் 640 மீட்டர் உயரத்தில் உள்ள டேராடூனில் இரவு 20 டிகிரி பதிவாகிறது எனக் கொண்டால், 3,600 மீட்டரில் அமைந்த முகாமில் அது ஏறத்தாழ 0 டிகிரியாக இருக்கும். காற்றும் மேகமற்ற வானமும் இந்தக் குளிரை மேலும் கூட்டும். எனவே, கணக்கில் வரும் அளவைவிட 5 டிகிரி குளிரைத் தாங்கும் பையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தூவியா, செயற்கை இழையா?

வாத்தின் மென்தூவி நிரப்பிய பைகள் எடை குறைந்தவை. சிறிதாகச் சுருட்டவும் வசதியானவை. அதே வெப்பத்தைத் தரும் செயற்கை இழைப் பைகள் கூடுதல் எடையும் பருமனும் கொண்டவை. ஆனால் தூவி நனைந்தால் ஒட்டிச் சுருங்கி, வெப்பத்தைத் தக்கவைக்கும் திறனைப் பெருமளவு இழந்துவிடும். செயற்கை இழை ஈரத்திலும் ஓரளவு வெப்பம் காக்கும்; விரைவில் உலரும். வறண்ட லடாக் பாதைகளுக்குத் தூவிப் பை பொருத்தமானது. பருவமழை எட்டும் மலைச்சரிவுகளில் செயற்கை இழையோ, நீர்புகா உறைக்குள் வைத்த தூவிப் பையோ ஏற்றது.

தரைக்குச் செல்லும் வெப்பம்

அதிகம் கவனிக்கப்படாத பொருள் விரிப்பு. உடலின் எடையால் பையின் அடிப்பகுதி அழுந்திவிடுவதால், அங்கு வெப்பத்தைக் காக்கும் காற்று தங்குவதில்லை. உடலின் சூடு நேரே தரைக்குச் செல்கிறது. இதைத் தடுக்கும் திறனே விரிப்பின் 'ஆர் மதிப்பு'. சாதாரண ஃபோம் விரிப்பின் ஆர் மதிப்பு சுமார் 2. எடை சுமார் 400 கிராம். பனித்தரையில் படுக்க 4 அல்லது அதற்கு மேல் தேவை. ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கும்போது மதிப்புகள் கூடும் என்பதால், ஃபோம் விரிப்பின் மேல் காற்றடைத்த விரிப்பைப் போடலாம். காற்று விரிப்பு ஓட்டையானாலும் ஃபோம் விரிப்பு கைகொடுக்கும்.

எடையைக் குறைக்க ஏற்ற இடம் பாதம்

1969-ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பாதத்தில் சுமக்கும் எடைக்கு, உடலின் எடையைச் சுமப்பதைக் காட்டிலும் 4 முதல் 6 மடங்கு ஆற்றல் செலவாவது தெரியவந்தது. ஒவ்வோர் அடியிலும் அந்த எடையைத் தூக்கி முன்னே வீச வேண்டியிருப்பதே இதற்குக் காரணம்.

கனமான தோல் பூட்ஸ் ஜோடி ஏறத்தாழ 1.4 கிலோ இருக்கும். 'டிரெயில் ஷூ' எனப்படும் இலகுவான மலைநடைக் காலணி ஜோடி சுமார் 700 கிராம். மிச்சமாகும் 700 கிராம், குறைந்தபட்சக் கணக்கிலேயே முதுகில் 2.8 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். மெல்லிய உறக்கப் பையால் மிச்சமாவது சில நூறு கிராம் மட்டுமே; அதற்கான விலையை இரவில் செலுத்த வேண்டியிருக்கும்.

கோடையில் தெளிவான பாதைகளில், சுமை அதிகமில்லாதோருக்கு இலகுவான காலணி போதுமானது. ஓடைகளைக் கடக்கும்போது நனைந்தாலும் அது விரைவில் உலரும். நீர்புகாத் திரை கொண்ட பூட்ஸில் மேற்புறம் வழியே தண்ணீர் நுழைந்துவிட்டால் எளிதில் உலராது.

பனிக்காலம் இதற்கு விதிவிலக்கு. டிசம்பர் முதல் பனி மூடும் கேதார்காந்தா போன்ற பாதைகளில், கணுக்காலை மூடும் நீர்புகாப் பூட்ஸ், அதன்மேல் மாட்டும் இரும்பு முள்பட்டை, பனி நுழையாமல் தடுக்கும் காலுறை மறைப்பு ஆகியவை அவசியம். நனைந்த காலணி அங்கு உறைபனிப் புண்ணுக்கு வழிவகுக்கும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* காலணியை மாலையில், நடைக்குரிய காலுறையுடன் அணிந்து பார்க்க வேண்டும். நாள் முழுவதும் நடந்தால் பாதம் வீங்கும்; இறக்கத்தில் விரல்கள் முன்னே இடிக்கும். எனவே விரல் முன்னே அரை அங்குல இடம் தேவை.
* புதிய காலணியுடன் மலையேறக் கூடாது. குறைந்தது இரண்டு வாரம் பையின் சுமையுடன் நடந்து பழக்க வேண்டும்.
* பருத்திக் காலுறை வியர்வையைத் தேக்கிக் கொப்புளம் உண்டாக்கும். கம்பளிக் காலுறையே உகந்தது. உறங்குவதற்கென ஒரு ஜோடியை நனையாமல் தனியே வைத்திருக்க வேண்டும்.
* உறக்கப் பையை வாடகைக்கு எடுப்போர், அதை விரித்து உதறிப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் உப்பி எழாத பை, அச்சிட்ட அளவுக்கு வெப்பம் தராது. ஜிப் முழுவதும் இயங்குகிறதா எனவும் சோதிக்க வேண்டும்.
* மலையேற்ற நிறுவனம் வழங்கும் பையின் கம்ஃபர்ட் அளவையும் விரிப்பின் வகையையும் முன்பதிவு செய்யும்போதே கேட்டறிய வேண்டும். முகாமை அடைந்த பின் குறை தெரிந்தால், மாற்றுப் பொருள் கிடைக்க வழியிருக்காது.