பெயின்ட்டைப் பார்க்காதீங்க, புகையைப் பாருங்க! பழைய டிராக்டர் வாங்கி, சரிசெய்து ஓட்ட ஒரு வழிகாட்டி

மாட்டுச் சந்தைக்குப் போனால் என்ன செய்வோம்? பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்போம். ஆனால், பழைய டிராக்டர் வாங்கப் போகும் பலர், பளபளன்னு பெயின்ட் அடிச்சு, புது சீட் போட்டு நிறுத்தியிருக்கும் வண்டியைப் பார்த்ததுமே அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள். மூணே மாசத்துல இன்ஜின் கழட்டி லேத் பட்டறையில கிடக்கும்!

நாலைந்து ஏக்கர் தோப்பு வைத்திருப்பவருக்குப் புது டிராக்டரின் தவணை கட்டுப்படியாகாமல் போகலாம். அவருக்கு 30, 40 வருடப் பழைய 35 குதிரைத்திறன் வண்டி நல்ல தேர்வுதான். அதில் சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஊர் மெக்கானிக்கே கழற்றி மாட்டிவிடலாம். ஆனால், எதை முதலில் பார்க்க வேண்டும், எதற்கு முதலில் செலவழிக்க வேண்டும் என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

எந்த வண்டி?

உதிரிபாகம் கிடைக்கும் வண்டியாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் அதிகம் கண்ணில் படும் மாஸே ஃபெர்குசன் 1035-ஐ எடுத்துக்கொள்வோம். இதன் பூர்விகம் ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய டிராக்டர்கள். கலப்பையை மூன்று இடங்களில் மாட்டி, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்கும் அமைப்பைப் பிரபலமாக்கியவர் அவர்தான். இன்று எந்த கம்பெனி டிராக்டரின் பின்பக்கம் பார்த்தாலும் அந்த அமைப்பு இருக்கும். 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் அவருடைய டி.இ.20 வந்தது. அடுத்து 1950-களில் '35' மாடல். 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் அந்த வழியில் வண்டிகளைத் தயாரித்தது. இவ்வளவு காலம் ஓடிய டிசைன் என்பதால், பாகங்களும் கிடைக்கும், கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கும் கிடைப்பார்.

வண்டிக்கு முன்னாடி பேப்பர்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? தட்டு துருப்பிடித்திருந்தால் சிரட்டையால் தேய்த்தாவது படித்துவிடுங்கள். ஆர்.சி-யில் பேங்க் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதமும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விவசாய டிராக்டரின் பதிவு 15 வருடங்களுக்குச் செல்லும். அதன்பின் 5 வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் விட்டுப்போயிருக்கும். டிரெய்லரும் சேர்ந்து வருகிறதென்றால், அதற்குத் தனிப் பதிவு உண்டா என்றும் கேளுங்கள்.

"பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்று சொல்லும் வண்டியை விட்டுவிடுங்கள். நாளைக்கு ரோட்டில் ஒரு விபத்து என்றால், அந்த 'அப்புறம்' உங்கள் தலையில்தான் விடியும்.

இன்ஜின் மேல கை வைங்க

நீங்கள் போய்ச் சேரும் முன்பே வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாததை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் வரத்தான் வேண்டும். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனியுங்கள். லோடில் கொஞ்சம் கறுப்பாக வந்தால் பெரிய பயம் இல்லை. ஏர் ஃபில்டர், நாசில் பார்த்தால் சரியாகலாம். நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், ஸ்லீவ் வேலை காத்திருக்கிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் போகலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில், பால் ஊத்தின காபி நிறத்தில் இருந்தால் அது உறுதி.

அடுத்து, வண்டி ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து குபுகுபுவென்று புகை வந்தால், பிஸ்டனைத் தாண்டி காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். ஹவர் மீட்டரை நம்பவே வேண்டாம். கிளட்ச், பிரேக் பெடல்களின் தேய்மானமும், ஸ்டீயரிங் ஆட்டமும் உண்மையைச் சொல்லிவிடும்.

லிஃப்ட்டும் கிளட்ச்சும்

கலப்பையை மாட்டி மேலே தூக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போதே லிஃப்ட் விக்கல் எடுப்பதுபோல இறங்கி இறங்கி ஏறினால், உள்ளே லீக். இந்த வகை வண்டிகளில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். அதனால் அந்த ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிளட்ச் நழுவுகிறது என்றால், 'பிளேட்தானே, மாத்திக்கலாம்' என்று லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த டிராக்டருக்கு லாரிபோலத் தனி சேஸிஸ் கிடையாது. இன்ஜினும் கியர் பாக்ஸும்தான் அதன் முதுகெலும்பு. கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியை ரெண்டாகப் பிரிக்க வேண்டும். பிளேட் விலையைவிடக் கூலி பெரிதாக நிற்கும். விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைக்கலாம்.

சரிசெய்யும் வரிசை

வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் பெயின்ட் ஆசை வரும். பொறுங்க! அது கடைசி. முதல் செலவு பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும். அடுத்து டீசல் டேங்க். பல மாதம் நின்ற வண்டியில் அடியில் தண்ணீரும் துருவும் தங்கியிருக்கும். டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, லைனில் காற்று எடுத்தாலே பாதிக் கோளாறு போய்விடும். டீசல் பம்ப்பை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். நாசில் பீய்ச்சும் இடத்தில் கை வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்தால், கிராங்க்கை லேத்தில் அளக்கச் சொல்லுங்கள். பத்து, இருபது, முப்பது என்று பட்டறையில் சொல்வார்கள். ஓர் இன்ச்சில் ஆயிரத்தில் அத்தனை பங்கு தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஏற்கெனவே முப்பது எடுத்த கிராங்க் என்றால், பெரும்பாலும் மாற்றுவதுதான் வழி. பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் மொபைலில் போட்டோ எடுங்கள். பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் கடைக்குச் சாம்பிளாகக் கொண்டு போங்கள். ஃபெர்குசன் வழி வண்டிகளில் இன்ச் அளவு போல்ட்டுகள் அதிகம். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் தலை மழுங்கிவிடும்.

உயிர் முக்கியம்

பழைய வண்டிகளில் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் மூடி எப்போதோ காணாமல் போயிருக்கும். அதைப் போடாமல் ரொட்டவேட்டரை ஓட்டாதீர்கள். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது, விநாடிக்கு ஒன்பது. வேட்டி நுனியோ, துண்டோ, சேலை முந்தானையோ சிக்கினால், 'ஐயோ' என்று சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இடது, வலது என்று தனித்தனியாக இருக்கும் பிரேக் பெடல்களை, ரோட்டில் ஏறும் முன் கொக்கி போட்டு ஒன்றாகச் சேருங்கள். இல்லையென்றால் வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி கவிழும். மரவேர் இழுக்கும்போது சங்கிலியைக் கீழே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி டிரைவர் மேலேயே மல்லாந்துவிடும். முக்கியமாக, மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். 'தாத்தா காலத்துல நாங்கல்லாம் அப்படித்தானே போனோம்' என்பார்கள். தவறி விழுந்தால், விழும் இடம் பின்சக்கரத்தின் அடியில்தான்.

எப்போது வேண்டாம்?

பிளாக்கில் விரிசல், முப்பது எடுத்த கிராங்க், பேங்க் கடன் தீராத ஆர்.சி. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வண்டியின் விலையோடு, மெக்கானிக் சொல்லும் செலவையும் கூட்டிப் பாருங்கள். அதற்கு மேல் கொஞ்சம் போட்டால் நல்ல நிலையில் இன்னொரு வண்டி கிடைக்குமென்றால், அதுதான் லாபம்.

எல்லாம் சரியாக அமைந்து, ஒரு மழைக்காலம் முழுக்க உங்கள் தோப்பில் நிற்காமல் உழுதுவிட்டதா? இப்போ தாராளமா பெயின்ட் அடிங்க!