உப்பளத்தைக் கடந்து ஓடும்போது

2006இல் சென்னை ரன்னர்ஸ் குழு தொடங்கிய காலத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியலில் நெடுந்தூரம் ஓடியவர்கள் கொஞ்சம் பேர்தான். கையில் தண்ணீர் பாட்டில், பையில் கடலை மிட்டாய், முடிந்ததும் சாலையோரத்தில் ஓர் இளநீர். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம், மாமல்லபுரம் பக்கம் கூட்டமாகவே ஓடுகிறார்கள். ஓடுமுன் ஒரு பொடி, நடுவில் ஜெல், உப்பு மாத்திரை, வீடு திரும்பியதும் புரோட்டீன், பிசிஏஏ எனும் அமினோ அமிலப் பொடி.

இதில் ஜெல்லை நான் குறை சொல்ல மாட்டேன். 1924 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, துவண்டுபோனவர்களுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. மறு ஆண்டு ஓட்டத்தின் நடுவே மிட்டாய் கொடுத்தார்கள், நிலைமை தேறியது. தசையில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்தால் கால் நகராது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு ஜெல்லில் இருப்பது ஏறத்தாழ 25 கிராம். ஒரு வாழைப்பழத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஓடிக்கொண்டே விழுங்க ஜெல் எளிது, அவ்வளவே.

இளநீரைப் பற்றித்தான் பழைய நம்பிக்கையைத் திருத்த வேண்டும். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இந்தக் கடலோரப் புழுக்கத்தில் வியர்வையோடு போவது பெரும்பாலும் சோடியம். கேளம்பாக்கம் உப்பளங்களைக் கடந்து ஓடிவந்து உப்பில்லாத பானத்தை மட்டும் குடிப்பது போதாது. உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ மேல். அதற்காக அளவின்றித் தண்ணீர் குடிக்கவும் கூடாது. 2002 பாஸ்டன் ஓட்டத்தில் சோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். உப்பு மாத்திரை அதைத் தடுக்காது.

பிசிஏஏ பொடிக்குக் கொடுக்கும் காசு வீண் என்றே நினைக்கிறேன். பருப்பிலும் முட்டையிலும் அதே அமினோ அமிலங்கள் உண்டு. ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் தரப்பட்டியலில் காஃபினும் பீட்ரூட் சாறும் முதல் வரிசையில் இருக்க, பிசிஏஏ ஆதாரம் போதாதவற்றோடு கிடக்கிறது.

என் கவலை வேறு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். அவர்களில் ஒருத்தி ஓட வந்து, கால் கனக்கிறது என்றால் நாம் பொடி டப்பாவைக் காட்டுகிறோம். முதலில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கட்டும். குறைவிருந்தால் மருத்துவர் சொல்லும் இரும்பு மாத்திரை எந்தப் பொடியையும்விட மலிவு. பார்க்காமல் அதையும் விழுங்கக் கூடாது. வேண்டாதவர் உடம்பில் இரும்பு தங்கிக் கெடுதல் செய்யும். ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம்.